தகவல் தொழில்நுட்ப மேலாண்மை முதுகலைப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன் சம்பளத்தையும் தவணையையும் கணக்கிடுவது எப்படி?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் தகவல் தொழில்நுட்ப மேலாண்மை முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்து, விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவமும் கைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பெரும்பாலான சென்னைக் குடும்பங்களில் கடனைப் பற்றிய பேச்சு தொடங்குகிறது. அந்த நேரத்தில் போடப்படும் கணக்கு, ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்குச் சமாதானம் தேடும் கணக்காகவே அமைந்துவிடுகிறது. தி. நகரிலும் அண்ணா நகரிலும் உள்ள ஆலோசனை நிலையங்களில் தரப்படும் அச்சிட்ட தாளில் டாலர் சம்பளம் பெரிய எழுத்தில் இருக்கும். மாதத் தவணை எவ்வளவு, அதை எத்தனை ஆண்டுகள் கட்ட வேண்டும் என்பது அதில் இருக்காது. அந்தக் கணக்கை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே நீங்களே வீட்டில் உட்கார்ந்து போட்டுவிடலாம். அதற்குத் தேவையான தகவல்கள் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் அடிப்படை விதி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதை அமெரிக்காவில் கிடைக்கக்கூடிய சம்பளத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. படிப்பை முடித்துச் சென்னைக்குத் திரும்பினால் இங்கே என்ன சம்பளம் கிடைக்குமோ, அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இப்படிச் சொன்னால் பிள்ளைகளுக்கு வருத்தமாக இருக்கும் என்பதை அறிவேன். ஆனால் அங்கே வேலை கிடைப்பதும் தங்க அனுமதி கிடைப்பதும் உங்கள் கையில் இல்லை. கடன் பத்திரத்தில் போடும் கையெழுத்து மட்டும் உங்களுடையது.

படிப்பின் பெயரையும் அதன் குறியீட்டையும் பாருங்கள்

தகவல் தொழில்நுட்ப மேலாண்மை என்ற ஒரே துறை, வெவ்வேறு பல்கலைக்கழகங்களில் வெவ்வேறு பெயர்களில் நடத்தப்படுகிறது. ஓரிடத்தில் மேலாண்மைத் தகவல் அமைப்புகள் என்றும், இன்னோரிடத்தில் ஐ.டி. திட்ட மேலாண்மை என்றும், வேறோரிடத்தில் வணிகப் பள்ளியின் கீழ் வரும் தொழில்நுட்ப மேலாண்மை என்றும் இருக்கும். பாடத்திட்டம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், அமெரிக்கக் கல்வித் துறை ஒவ்வொரு படிப்புக்கும் தரும் ஆறு இலக்க சி.ஐ.பி. குறியீடு மாறும். ஐ.டி. திட்ட மேலாண்மைக்கு 11.1005 என்ற குறியீடு உண்டு. வணிகப் பிரிவில் வரும் மேலாண்மைத் தகவல் அமைப்புகளுக்கு 52.1201 என்ற குறியீடு உண்டு.

இந்தக் குறியீட்டை அலுவலக விவரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. படிப்பு முடிந்ததும் எஃப்-1 விசாவில் உள்ள எந்த மாணவரும் ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதங்கள் வேலை செய்யலாம். அவருடைய படிப்பின் குறியீடு, அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வெளியிட்டுள்ள ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதங்கள் நீட்டிப்புக் கிடைக்கும். கடனை அடைக்கக் கிடைக்கும் டாலர் சம்பளக் காலம் 12 மாதங்களா, 36 மாதங்களா என்பதை இந்த ஓர் எண்தான் தீர்மானிக்கிறது. பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும், ஐ-20 படிவத்தில் முதன்மைப் பாடம் என்ற இடத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணே செல்லும். ஐ-20 வருவதற்கு முன்பே அறிய வேண்டுமானால், சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் குறியீட்டைக் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அந்த எண்ணைப் பாதுகாப்புத் துறையின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சம்பளப் புள்ளிவிவரங்களை எப்படிப் படிப்பது?

பட்டதாரிகளின் வருமானத்தையும் கடனையும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் காட்டும் அரசு இணையதளம் அமெரிக்காவில் உண்டு. காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அந்தத் தளம் 2013-இல் தொடங்கப்பட்டு, 2015-இல் புதுப்பிக்கப்பட்டது. படிப்பு வாரியான விவரங்கள் 2019 முதல் கிடைக்கின்றன. அதில் நான்கு இலக்கக் குறியீட்டின்படி படிப்புகள் தொகுக்கப்பட்டிருப்பதால், நமக்கு வேண்டிய படிப்பை 11.10 என்ற பிரிவிலும் 52.12 என்ற பிரிவிலும் தேட வேண்டும். ஒரு பிரிவில் இல்லை என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தாலும் விவரம் மறைக்கப்பட்டிருக்கும்.

அதில் காணும் தொகை இடைநிலை மதிப்பு. எல்லாருடைய சம்பளத்தையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடைய சம்பளம் அது. சராசரியைவிட இது நம்பத்தக்கது. ஏனென்றால் மிகப் பெரிய சம்பளம் வாங்கும் ஓரிருவர் இந்த எண்ணை மேலே இழுத்துவிட முடியாது. வரித் துறையின் பதிவுகளிலிருந்து எடுக்கப்படுவதால், மாணவர்களே படிவத்தில் நிரப்பிக் கொடுக்கும் தகவலைவிட உறுதியானதும்கூட.

இந்திய மாணவர்கள் கட்டாயமாக அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. அந்தத் தளத்தின் வருமான விவரமும் கடன் விவரமும் அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி பெற்ற மாணவர்களை மட்டுமே கணக்கில் கொள்கின்றன. அந்த உதவி வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. ஆகவே சென்னையிலிருந்து சென்ற மாணவர் ஒருவரின் சம்பளமோ கடனோ அந்த எண்களுக்குள் இல்லவே இல்லை. மேலும், இத்தகைய மேலாண்மைப் படிப்புகளில் சேரும் அமெரிக்கர்களில், ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு மாலை நேரத்திலோ இணைய வழியிலோ படிப்பவர்கள் கணிசமாக உண்டு. படித்து முடித்த ஆண்டிலேயே அவர்கள் வாங்கும் சம்பளம், பட்டத்தால் மட்டும் வந்ததன்று. அதற்கு முன் சேர்ந்த அனுபவத்தின் ஊதியமும் அதில் கலந்திருக்கிறது. பொறியியல் முடித்த கையோடு விமானம் ஏறும் 22 வயது மாணவர் அந்தத் தொகையைத் தன் தொடக்கச் சம்பளமாக நினைத்துக்கொள்வது பெரும் தவறு.

கடன் தொகையிலும் இதே எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க மாணவர்கள் முதுகலைப் படிப்புக்கு அரசிடமிருந்து ஆண்டுக்கு 20,500 டாலர் வரை கடன் பெறலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் கைகொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன், 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு நிறுத்தப்படுகிறது. முதுகலைப் படிப்புக்கான மொத்த உச்சவரம்பும் 1 லட்சம் டாலராகிறது. வருமானத்துக்கு ஏற்பத் தவணையைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் அந்தக் கடன்களுக்கு உண்டு. நம் வங்கிக் கடனில் அந்த வசதி கிடையாது. எனவே அந்தத் தளத்தின் கடன் தொகையை நம் கடனோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. ஒரே துறையில் எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகளுக்கு அதிக ஊதியம் கிடைக்கிறது என்று தமக்குள் ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து, ஆலோசனை நிலையங்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் எண் ஒன்று. கணினி மற்றும் தகவல் அமைப்பு மேலாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 1,69,510 டாலர் என்று அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2023 மே மாத நிலவரமாக வெளியிட்டது. எண் சரியானதுதான். ஆனால் அதே பக்கத்தில், இந்தப் பதவிக்கு வழக்கமாகத் தேவைப்படுவது இளநிலைப் பட்டமும் 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ பணி அனுபவமும் என்று எழுதியிருப்பதை யாரும் படித்துக் காட்டுவதில்லை. புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்குக் கிடைக்கும் வேலைகள் பெரும்பாலும் கணினி அமைப்புப் பகுப்பாய்வாளர், வணிகப் பகுப்பாய்வாளர், திட்ட ஒருங்கிணைப்பாளர் போன்றவை. கணினி அமைப்புப் பகுப்பாய்வாளர்களின் இடைநிலை ஊதியம் அதே 2023 மே மாதத்தில் 1,03,800 டாலர். அதுவும் அந்தத் தொழிலில் உள்ள அனைவரையும் சேர்த்த எண். புதியவர்கள் அதற்குக் கீழேதான் தொடங்குவார்கள்.

நம் பிள்ளைகளின் உண்மையான சம்பளத்துக்கு நெருக்கமான தகவல் வேண்டுமானால், அமெரிக்கத் தொழிலாளர் துறை காலாண்டுதோறும் வெளியிடும் எல்.சி.ஏ. பட்டியலைப் பாருங்கள். எச்-1பி என்ற வேலை விசாவில் ஒருவரை அமர்த்த விரும்பும் நிறுவனம், எந்த ஊரில், எந்தப் பதவிக்கு, என்ன ஊதியம் தரப்போகிறது என்பதை அதில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். நிறுவனத்தின் பெயர், பதவி, ஊர், ஊதியம், நான்கு நிலைகளில் எந்த ஊதிய நிலை என அனைத்தும் பொதுப் பார்வைக்கு இருக்கின்றன. நீங்கள் போக விரும்பும் நகரத்தையும் பதவியையும் தேர்ந்தெடுத்து, முதல் இரண்டு ஊதிய நிலைகளை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், புதியவர்களுக்கு நடைமுறையில் எவ்வளவு தரப்படுகிறது என்பது தெரிந்துவிடும். எச்-1பி கட்டம் வரை வந்தவர்கள் மட்டுமே இதில் இருக்கிறார்கள், வேலை கிடைக்காமல் திரும்பியவர்கள் இதில் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பல்கலைக்கழகம் தரும் வேலைவாய்ப்பு அறிக்கையைப் படிக்கும்போது, மேலே உள்ள சதவீதத்தை விட்டுவிட்டு அடிக்குறிப்பைப் படியுங்கள். பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர், கேள்விக்குப் பதில் அனுப்பியவர்கள் எத்தனை பேர், அவர்களில் சம்பளத்தைச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களும் இருந்தால்தான் அது அறிக்கை.

செலவைக் கணக்கிடுதல்

ஐ-20 படிவத்தின் நிதிப் பகுதியில், மதிப்பிடப்பட்ட செலவு என்ற தலைப்புக்கு எதிரே எத்தனை மாதங்களுக்கு என்ற எண் இருக்கும். அது பல படிவங்களில் 9 ஆகவும் சிலவற்றில் 12 ஆகவும் இருப்பதைக் காணலாம். அதன் கீழ் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, பிற செலவுகள் என்று வரிசையாகக் கூட்டப்பட்டிருக்கும். இரண்டாண்டுப் படிப்புக்கு இந்த மொத்தத்தையே முழுச் செலவு என்று எண்ணிக் கடன் விண்ணப்பம் போட்டுவிட்டு, இரண்டாம் ஆண்டில் திண்டாடுகிற குடும்பங்கள் உண்டு. படிப்பு முடிய எத்தனை கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) தேவை, ஒரு கிரெடிட்டுக்குக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துப் பெருக்குங்கள். கோடை மாதங்களின் வாடகையையும் உணவையும் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டின் கட்டணம் உயரலாம், ரூபாயின் மதிப்பும் சரியலாம். ஆகவே இரண்டாம் ஆண்டுச் செலவை ரூபாயில் எழுதும்போது பத்து சதவீதம் கூட்டி எழுதுவது விவேகம். மருத்துவக் காப்பீடு, வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம், விமானச் சீட்டு, முதல் மாத வாடகையும் முன்பணமும் ஆகியவை தனி.

பகுதிநேர வேலையில் செலவைச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் கடனைக் குறைத்து எழுத வேண்டாம். வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை மட்டுமே வேலை செய்ய அனுமதி உண்டு. அந்த வேலையும் எல்லாருக்கும் கிடைத்துவிடாது.

உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால் அதை முதலில் முயன்றுவிட்டுத்தான் கடனுக்கு வர வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் பெயரில் வழங்கும் வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையும், ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும் இருக்கின்றன. தகுதி உடைய குடும்பங்களிலேயே பலருக்கு இவற்றைப் பற்றித் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது.

கடனும் தவணையும்

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி, ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை தேவை. வெளிநாட்டுப் படிப்பானால் செலவில் 15 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். குறிப்பிட்ட சில பல்கலைக்கழகங்களுக்குப் பிணையில்லாமலும் சில வங்கிகள் கடன் தருகின்றன. கல்விக் கடனுக்கென்றே இயங்கும் வங்கி சாராத நிதி நிறுவனங்கள் வீட்டுப் பத்திரம் கேட்காமல் விரைவாகக் கடன் தந்தாலும், பொதுத்துறை வங்கிகளைவிட வட்டி கூடுதலாக இருக்கும். படிக்கும் காலத்திலேயே வட்டியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்வதும் உண்டு.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மொத்தக் கடன் 40 லட்சம் ரூபாய் என்றும், வட்டி 11 சதவீதம் என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை 10 லட்சம் வீதம் நான்கு முறை வங்கி பணம் அனுப்புகிறது என்றும் வைத்துக்கொள்வோம். படிப்பு இரண்டு ஆண்டுகள், விடுப்பு ஓராண்டு; ஆக மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தவணை தொடங்கும். முதல் 10 லட்சத்துக்கு 36 மாத வட்டி, அடுத்ததற்கு 30, அதற்கடுத்து 24, கடைசிக்கு 18 மாத வட்டி சேரும். தனிவட்டியாகக் கணக்கிட்டாலே இது 9 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 40 லட்சமாக இருக்காது. 49 லட்சத்து 90 ஆயிரமாக இருக்கும்.

இதை 10 ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை சுமார் 68,740 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 82 லட்சத்து 50 ஆயிரம். தவணை அதிகம் என்று 15 ஆண்டுகளாக நீட்டினால் மாதம் சுமார் 56,700 ரூபாயாகக் குறையும். ஆனால் மொத்தத் தொகை 1 கோடியே 2 லட்சத்தைத் தாண்டிவிடும். மாதம் 12,000 ரூபாய் குறைவதற்காகக் கொடுக்கும் விலை ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய்.

படிக்கும் காலத்திலும் விடுப்பு ஆண்டிலும் பெற்றோர் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால், தவணை 55,100 ரூபாயில் தொடங்கும். இந்தக் கணக்கில் மொத்தத்தில் சுமார் ஆறரை லட்சம் ரூபாய் மிச்சம். முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் 9,170 ரூபாய் போதும். வங்கி நான்காம் முறை பணம் அனுப்பிய பிறகு மாதம் 36,670 ரூபாய் ஆகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்து, முடிந்த அளவு கட்டுங்கள். படிக்கும் காலத்தில் வட்டியைத் தவறாமல் கட்டினால் வட்டி விகிதத்தில் 1 சதவீதம் சலுகை தரவும் மாதிரித் திட்டம் வங்கிகளுக்கு இடம் தருகிறது. அந்தச் சலுகை உங்கள் கடனுக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இதே தவணையைச் சென்னைச் சம்பளத்தில் வைத்துப் பாருங்கள்

வேலை அமைந்துவிட்டால் இந்தக் கடன் பெரிய பாரம் இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். மாநில வருமான வரி இல்லாத டெக்சஸில் ஆண்டுக்கு 85,000 டாலர் சம்பளம் என்றால், 2025-ஆம் ஆண்டின் வரி விகிதப்படி மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 6,200 டாலர். ஓ.பி.டி. காலத்தில் இருக்கும் மாணவருக்குப் பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளான 7.65 சதவீதம் பிடிக்கப்படாது. எச்-1பி விசாவுக்கு மாறியதும் பிடிக்கத் தொடங்குவார்கள். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன 68,740 ரூபாய்த் தவணை 765 டாலர் அளவில் வரும். வாடகை, உணவு, கார் எல்லாவற்றுக்கும் 3,000 டாலர் போனாலும், தவணைக்கு மேல் இரண்டாயிரம் டாலருக்குக் குறையாமல் மிஞ்சும். மூன்று ஆண்டுகள் கட்டுப்பாடாக இருந்தால் கடனை முழுமையாக அடைத்துவிடலாம். அப்படி அடைத்த பிள்ளைகள் ஏராளம்.

இன்னொரு முடிவையும் பார்க்க வேண்டும். 12 மாத ஓ.பி.டி. காலத்தில் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. அதன் பின் தேவைப்படும் எச்-1பி விசா ஆண்டுக்கு 65,000. அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் அதைவிடப் பல மடங்கு வருவதால் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. 2025 செப்டம்பரில், புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்தபோது, ஒரே வாரத்தில் எத்தனை வீடுகளில் தூக்கம் போனது என்பது சென்னைவாசிகளுக்குத் தெரியும். ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருந்து விசா நிலையை மாற்றிக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது என்றாலும், உங்கள் பிள்ளை படித்து முடிக்கும் ஆண்டில் விதி எப்படி இருக்கும் என்பதை வைத்துக் கடன் வாங்க முடியாது.

எனவே திரும்பி வந்தால் என்ன ஆகும் என்ற கணக்கையும் போட்டுவிடுங்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் சி.டி.சி. (ஊழியருக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்று வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 12 லட்சம் முழுவதும் கைக்கு வராது. செயல்திறன் ஊதியம் 10 சதவீதம் என்றால் 1,20,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் இருக்காது. அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்றால் நிறுவனத்தின் வருங்கால வைப்புநிதிப் பங்கு 72,000, பணிக்கொடை 28,860, ஊழியரின் வைப்புநிதிப் பங்கு மேலும் 72,000 கழியும். தொழில் வரி 2,500. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டில் பன்னிரண்டே முக்கால் லட்சம் வரையிலான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் வரி கழியவில்லை. எல்லாம் போக மாதம் வங்கிக் கணக்கில் ஏறுவது சுமார் 75,400 ரூபாய். தவணை 68,740 ரூபாய். மிச்சம் 6,660 ரூபாய். வேளச்சேரியில் ஓர் அறையைப் பகிர்ந்து தங்குவதற்குக்கூட அது போதாது. தவணையைக் கட்டப்போவது தந்தையின் ஓய்வூதியம்தான்.

இதைத் தலைகீழாகப் போட்டால் வாங்கத்தக்க கடன் அளவு கிடைக்கும். கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்துக்கு மேல் தவணைக்குப் போகக் கூடாது என்று வைத்தால், 75,400 ரூபாயில் தவணை சுமார் 30,000 ரூபாய். 11 சதவீத வட்டியில் 10 ஆண்டுகளுக்கு ஒவ்வொரு லட்சத்துக்கும் தவணை 1,378 ரூபாய் வரும். ஆகவே தவணை தொடங்கும் நாளில் கடன் 21 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. படிக்கும் கால வட்டியைக் கழித்துப் பார்த்தால், வாங்க வேண்டிய அசல் ஏறத்தாழ பதினேழரை லட்சம். படிக்கும்போதே வட்டியை முழுமையாகக் கட்டிவிடும் குடும்பத்துக்கு அது 21 லட்சத்து 80 ஆயிரம் வரை போகலாம். மீதித் தொகை சேமிப்பிலிருந்தோ, உதவித்தொகையிலிருந்தோ, கட்டணம் குறைந்த வேறு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்தோ வர வேண்டும். 12 லட்சம் என்பது எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் பிள்ளையின் துறைக்கும் அனுபவத்துக்கும் இன்று சென்னையில் என்ன தருகிறார்கள் என்று தெரிந்தவர்களிடம் விசாரித்து அந்த எண்ணை இட்டுக் கணக்கிடுங்கள்.

மேலாண்மைப் பட்டத்தின் பயன் பெரும்பாலும் அனுபவத்தின் மேல்தான் ஏறுகிறது என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகள் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. சேமிப்பும் கூடும், திரும்பி வந்தால் கிடைக்கும் சம்பளமும் கூடும். மேலே சொன்ன கணக்கில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இளகும்.

இங்கேயே படிக்கும் வழியையும் அதே அளவுகோலால் அளந்து பாருங்கள். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி அண்ணா பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்ப மேலாண்மையிலோ எம்.சி.ஏ.விலோ சேரலாம், சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறையிலும் படிப்புகள் உண்டு. ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பதை ஆண்டுவாரியாக எழுதிக் கொடுத்து, அந்த ஆவணத்தைத் தங்கள் இணையதளத்திலும் வைக்கின்றன. விளம்பரப் பலகையில் உள்ள அதிகபட்சச் சம்பளத்தை மறந்துவிட்டு அந்த ஆவணத்தைப் படியுங்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்நாட்டுக் கல்வி நிறுவனங்களில் சேருவோருக்குப் பிணையும் உத்தரவாதமும் இல்லாமல் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் தவணை விடுப்புக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு இது பொருந்தாது.

வங்கியில் கையெழுத்திடும் முன்

ஒப்புதல் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். படிப்புக் காலத்தில் வட்டி தனிவட்டியா, மாதாமாதம் கூடும் கூட்டுவட்டியா. வட்டி மிதக்கும் விகிதமா, நிலையான விகிதமா. தவணை விடுப்பு படிப்பு முடிந்து ஆறு மாதமா, ஓராண்டா. கடன் காப்பீட்டுத் தொகையைக் கேட்காமலே கடனோடு சேர்த்திருக்கிறார்களா ஆகியவை கட்டாயம் தெரிய வேண்டியவை. தனிநபர்களின் மிதக்கும் விகிதக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டாலரில் சம்பாதிக்கும் பிள்ளை விரைவாக அடைக்க நினைத்தால் இதுவே பெரிய வசதி. 2025 ஏப்ரல் 1 முதல், வங்கியிலிருந்து பெற்ற கல்விக் கடனிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியைப் பிடிப்பதில்லை. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை கிடைக்கும் வருமான வரிக் கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் அந்தச் சேமிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வீட்டை அடமானம் வைப்பதாக இருந்தால் மூலப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது ஆகியவற்றை வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பார். ஏதேனும் ஒரு தாய்ப் பத்திரம் காணாமல் போயிருப்பது சென்னையில் மிகவும் சாதாரணம், அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஆகஸ்டில் வகுப்பு என்றால் ஜனவரியிலேயே பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உங்கள் செலவு. பத்திரங்களை ஒப்படைக்கும்போது ஒவ்வொன்றின் ஆவண எண்ணும் ஆண்டும் எழுதிய பட்டியலில் வங்கியின் முத்திரையோடு ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள்.

கடன் அடைந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். கடன் முடிந்ததற்கான சான்றிதழோடு பத்திரங்களைப் பட்டியலுடன் சரிபார்த்து வாங்கிக்கொண்டு, அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தை அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவான சில நாட்களில் புதிய வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, வங்கியின் பெயருக்கு எதிரே அந்த ரசீதும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வையுங்கள்.